ஒளிவாளுக்குள் என்ன இருக்கிறது?

ஒளிவாள் செய்து விற்கிறவளிடம் யாரும் வாளைப் பற்றிக் கேட்பதில்லை. சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் கேட்பார்கள். வீட்டு ஹாலையே பட்டறையாக்கி, டைனிங் டேபிளில் பாதியைச் சாப்பாட்டுக்கும் பாதியைச் சால்டரிங்குக்கும் பங்கு பிரித்திருக்கிற சக பாவிகளுக்கு இதெல்லாம் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விண்வெளிப் படங்களில் பார்த்திருப்பீர்களே, வெறும் கைப்பிடிதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் வெளிச்சமே ஒரு வாளாக நீளும். வீசினால் உறுமும், மோதினால் பளிச்சென்று மின்னும். அதை நான் சேலையூரில் செய்கிறேன்.

நான் டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். இன்வெர்ட்டர் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராக, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஏறாத மாடிப்படி இல்லை. கம்பெனி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது, நான் பெயரவில்லை. டூல்ஸ் பையோடு வீட்டுக்கு வந்தவள், பொழுது போகாமல், வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் குரோம் குழாயை வெட்டி ஒரு பிடி செய்தேன். குழாயை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். அதற்குள் போகிற சாமான்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆள் யாரென்று தெரியும். இதைத் தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எட்டுப் பெண்களும் ஒரு பீரியடும்

போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு காலையில் மலர் வந்தாள். அனகாபுத்தூர்ப் பெண். வண்டலூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறாள், பகுதிநேர வேலை. ஆண்டுவிழாவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, எட்டுப் பெண்கள் ஒளிவாளைச் சிலம்பம் மாதிரிச் சுற்றவேண்டும், அதற்கு எட்டு வாள் செய்து தருவீர்களா என்று கேட்டாள். கேட்டவுடனே எனக்குக் கை பரபரத்தது.

அப்புறம்தான் காரணத்தைச் சொன்னாள். அடுத்த வருஷ டைம்டேபிளில் சிலம்பத்தை எடுத்துவிட்டு, அந்த பீரியடை ரோபோட்டிக்ஸுக்குக் கொடுக்கலாமா என்று பள்ளித் தாளாளர் யோசிக்கிறாராம். ஆண்டுவிழாவில் சிலம்ப நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். “அப்ப உன் வேலையே இதை நம்பித்தான் இருக்குன்னு சொல்லு” என்றேன். மலர் தலையை ஆட்டி மறுத்தாள். “எனக்கு வேற ஸ்கூல் கெடைக்கும்க்கா. இந்தப் பொண்ணுங்க கோலைத் தொட்டப்புறம்தான் நிமிர்ந்து நடக்குதுங்க. அது போயிடக் கூடாது.”

தொட்டி பெரிசு, குழாய் சிறிசு

எட்டு வாளுக்குச் சாமான் எடுக்க உட்கார்ந்தால், ஒவ்வொரு சாமானும் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு ஆளைத்தான் ஞாபகப்படுத்துகிறது. பேட்டரி என்றால் குரோம்பேட்டை வங்கி அதிகாரி. ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே ஒரு வாள் வாங்கிக்கொண்ட ரசிகர். பேட்டரியை மட்டும் நானே கொண்டுவருகிறேன் என்று பிடிவாதம் பிடித்து, பழைய லேப்டாப்பைப் பிரித்து எடுத்த செல்லைக் கொண்டுவந்தார். அதன் கொள்ளளவு எண்ணைக் காட்டி, “உங்க பேட்டரியைவிட இது பெரிசு மேடம்” என்றார். பெரிசுதான். வாளும் எரிந்தது. ஆனால் எதன்மீதாவது மோதி, பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் வரவேண்டிய அந்த நொடியில், வெளிச்சம் வராமல் வாளே அணைந்துபோனது. எதிரி அடித்ததும் அணைந்துபோகிற வாளை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவது?

விஷயம் இதுதான். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரே நேரத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பது வேறு கணக்கு. மோதும்போது வாள் ஒரே மூச்சில் நிறையக் கேட்கும். லேப்டாப் செல் பதமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழகியது. அதிகம் கேட்டால் அதன் பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்திவிடும். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: மாடியில் பெரிய தொட்டி கட்டிவிட்டு, கீழே அரை இஞ்ச் குழாய் போட்டால், ஷவரும் வாஷிங் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடுமா? அவர் வாளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மேடம், அப்ப எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடிக்குத் தண்ணி வராததுக்கும் இதான் காரணமா?”

வண்டலூர்ச் சரக்கு

சுவிட்ச் சின்னச் சாமான்தான். அது வாங்கிக் கொடுத்த அவமானம் பெரியது. வண்டலூரில் இருக்கும் ஒரு கல்லூரி விரிவுரையாளர், வாளில் உறுமல் குறைவாக இருக்கிறது என்று என்னிடம் காட்டுவதற்காக அதைப் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் டிரெயினில் வந்தார். கூட்டத்தில் யாரோ பையை நெருக்க, பொத்தான் அழுந்தியிருக்கிறது. பிறகென்ன, டிரெயின் குலுங்குகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் பை உறுமியிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்களாம். அந்த நெரிசலில் அவருக்கு உட்கார இடம் கிடைத்ததே அதனால்தானாம்.

தாம்பரத்தில் இறங்கியதும் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். விரிவுரையாளர் எனக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் இருந்த இடத்திலிருந்தே மின்சுற்றை விளக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து என் வாள் ஒவ்வொன்றிலும் சார்ஜ் துளைக்கு ஒரு அடைப்பான் உண்டு. அதைச் சொருகினால் பேட்டரி இணைப்பே துண்டாகிவிடும், பொத்தானை யானை மிதித்தாலும் எரியாது. ஆனால் அன்றைக்கு அந்த அடைப்பான் இல்லையே! என் விளக்கம் எதுவும் போலீஸ்காரர் காதில் ஏறவில்லை. “அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்மா. தம்பி, நீ வண்டலூர்ல தானே ஏறின? உண்மைய சொல்லு, ஜூவுலேர்ந்து இன்னா குட்டிய தூக்கினு வந்துகீற?”

என் உறுமல்

இனி சொல்லப்போவது என் உயிர்நாடி. வாளுக்குள் ஒரு சின்ன ஒலி போர்டு, ஒரு ஸ்பீக்கர், கை அசைவைக் கண்டுபிடிக்கும் ஒரு சென்சார் இருக்கும். வீசினால் ஒரு சத்தம், மோதினால் ஒரு சத்தம். எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்த சத்தத்தைத்தான் ஏற்றுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பழைய டியூப்லைட் சோக் ஒன்று ‘ம்ம்ம்’ என்று முனகுவதைப் பதிவு செய்தேன். அது வாள் சும்மா இருக்கும்போது வரும் சத்தம். வீச்சுக்கு, தாம்பரம் சானடோரியம் பிளாட்பாரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று, லோக்கல் டிரெயின் கிளம்பும்போது மோட்டார் கீழிருந்து மேலே ஏறுகிற அந்தச் சத்தத்தைப் பிடித்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம், பாவம் யாரோ வழியனுப்பிவிட்டு அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

அந்த உறுமல் உலகத்தில் என் வாளில் மட்டும்தான் உண்டு. கேட்டவர்கள் எல்லாம் இது ஏதோ தெரிந்த சத்தம் மாதிரி இருக்கிறதே என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். ஒருவர்தான் கண்டுபிடித்தார். பல்லாவரத்திலிருந்து தினமும் டிரெயினில் வேலைக்கு வரும் ஒரு நர்ஸ், தம்பிக்குப் பரிசு வாங்க வந்தவர். வாளை இரண்டு தரம் வீசிப் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். “இதை வீசினா, உடனே பையை எடுத்துக்கிட்டு சானடோரியத்துல இறங்கணும்போல இருக்கேக்கா!”

ஒரே ஒரு பொத்தான்

வாளின் வெளிச்சத்துக்கு இரண்டு வழி உண்டு. பிடிக்குள் ஒரே ஒரு பெரிய எல்இடியை வைத்து, மேலே இருக்கும் வெறும் குழாய்க்குள் வெளிச்சத்தை ஏற்றலாம். இது பழைய வழி. குழாயின் முழு நீளத்துக்கும் பொடிப்பொடி எல்இடிகள் பதித்த ஸ்ட்ரிப்பை உள்ளே விடுவது புது வழி. இதில் வெளிச்சம் அடியிலிருந்து நுனி வரைக்கும் நிஜமாகவே வளரும். பார்க்க அவ்வளவு அழகு. என்னைப் புது வழிக்கு இழுத்துவந்தவன் நாவலூர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் கார்த்திக். விஷயம் தெரிந்த பையன்; ஸ்ட்ரிப்புக்கு எந்த ஒயர் போடவேண்டும் என்று எனக்கே திருத்தம் சொன்னவன்.

தன் டீமுக்காக வாள் எடுக்க வந்தவன், ஆப் எங்கே, போனோடு எப்படி இணைப்பது, அப்டேட் எப்படி வரும் என்று கேட்டான். ஆப் கிடையாது, ஒரு பொத்தான்தான் என்றேன். ஒரு தரம் அழுத்தினால் எரியும், இரண்டு தரம் அழுத்தினால் கலர் மாறும், அழுத்திப் பிடித்தால் அணையும். அவன் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அக்கா, இதுல யூசர் தப்பு பண்ண வழியே இல்லையே. அப்புறம் எங்கள மாதிரி ஆளுங்க பொழைக்கிறது எப்படி?”

முதல் வாள்

இத்தனை பேரிடமும் கற்றதை எல்லாம் கொட்டி, மலருக்கு மாதிரி வாள் ஒன்று செய்தேன். நிறைய மின்சாரம் கொடுக்கும் பேட்டரி, அடைப்பான், ஸ்ட்ரிப், சென்சார், ஒலி போர்டு, ஸ்பீக்கர், என் உறுமல். அதுவரை நான் செய்ததிலேயே உயர்ந்த சரக்கு. சாயங்காலம் பள்ளி விட்டதும் மலரின் சிமென்ட் மைதானத்துக்கு எடுத்துப்போனேன். எட்டுப் பெண்களும் சுற்றி நின்று “ஹே...” என்று வாயைப் பிளந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மலர் வாங்கிச் சுற்றத் தொடங்கினாள். நான் பார்த்த வாடிக்கையாளர்கள் எல்லாம் வாளை இரண்டு தரம் வீசுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், அலமாரியில் வைப்பார்கள். இவள் மணிக்கட்டு சுழன்ற வேகத்தில் வாள் கண்ணுக்கே தெரியவில்லை, ஒரு வட்டம்தான் தெரிந்தது. என் சென்சார் மிரண்டுபோனது. ஒவ்வொரு சுற்றையும் மோதல் என்று நினைத்து, கல்யாண மண்டபத்துச் சீரியல் லைட் மாதிரி பளிச் பளிச் என்று மின்னிக்கொண்டே இருந்தது. வீச்சுச் சத்தம் முடிவதற்குள் அடுத்த வீச்சு வர, உறுமல் இருமலாகிவிட்டது. அப்புறம் ஒரு பெண்ணை எதிரே நிறுத்தி, கோலால் வாளின்மீது ஓங்கி ஒரு அடி போடச் சொன்னாள். ஸ்ட்ரிப்பில் எங்கோ ஒரு சால்டர் விட்டுப்போய், வாளின் மேல்பாதி இருண்டது.

மலர் கோபப்படவில்லை. வாளை ஆள்காட்டி விரலில் படுக்கவைத்து நிறுத்திப் பார்த்தாள். நான் அத்தனை சாமானையும் அடைத்திருந்த பிடிப்பக்கம் தொப்பென்று சாய்ந்தது. ஆண்டுவிழாவுக்கு நாள் அதிகம் இல்லை. என் மனம் கோணக்கூடாது என்று அவள் வார்த்தையைத் தேடுவது தெரிந்தது. “சூப்பரா பாடுதுக்கா. ஆனா சுத்த வரல.”

பிரின்சிபால் பேச்சு

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன்? நேர்த்தியான பொருளைச் செய்து கொடுத்தால், சுற்ற வரவில்லை என்கிறாளே! சென்சாரை மந்தமாக்கிப் பார்த்தேன், மோதலே தெரியாமல் போனது. சின்ன ஸ்பீக்கர் போட்டேன், உறுமல் கொசுச் சத்தமானது. ஸ்ட்ரிப்பைச் சுற்றிப் பஞ்சு வைத்தேன், வெளிச்சம் மங்கியது. எதை எடுத்தாலும் எடுப்பேன், என் உறுமலை எடுக்கமாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் ஜெபராஜ் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பில் கட்டுவது மட்டும்தான். ஆனால் ஆண்டுவிழாக்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. டேபிளில் தன் பாதியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே, என் பாதியில் நடக்கும் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்டெல்லா, ஆண்டுவிழாவுல மைக் செட்டுக்காரன் போடற சத்தத்துல எங்க பிரின்சிபால் பேச்சே யாருக்கும் கேக்காது. உன் வாள் பாடறதா கேக்கப்போகுது?”

எடுத்ததும் வைத்ததும்

கசந்தது. ஆனால் சரியாக இருந்தது. அன்றைக்கே வாளைப் பிரித்தேன். ஸ்பீக்கரை எடுத்தேன், ஒலி போர்டை எடுத்தேன், சென்சாரை எடுத்தேன், ஸ்ட்ரிப்பை உருவினேன். ஸ்ட்ரிப்பைப் பற்றிக் கார்த்திக் சொன்னதில் தப்பில்லை. அவன் வாள் நிற்கிற வாள், இது சுற்றுகிற வாள். மிஞ்சியது ஒரு பேட்டரி, ஒரு பெரிய எல்இடி, அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு பித்தளைத் தகடு, ஒரு லென்ஸ், ஒரு சுவிட்ச். பச்சை எல்இடி. அதே மின்சாரத்துக்குக் கண்ணுக்கு அதிகமாகத் தெரிவது பச்சைதான். பேட்டரியை ஸ்பிரிங் வைத்த தொட்டிலில் போடவில்லை, அடி விழுந்தால் ஸ்பிரிங் ஒரு கணம் விலகி வாள் அணையும் என்பதால். ஒயரை நேராகவே பற்றவைத்தேன். சுவிட்சைப் பிடிக்குள் குழி பறித்து இறக்கினேன், கீழே விழுந்தாலும் அழுந்தாது.

நுனிக்கு வெளிச்சம் போதவில்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பூக்கடையில் பொக்கே சுற்றுகிற கண்ணாடித்தாளை வாங்கிவந்து, சுருட்டிக் குழாய்க்குள் விட்டேன். வெளிச்சம் அதில் பட்டுப் பட்டு நுனி வரைக்கும் பரவிவிட்டது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப நுனியில் ஒரு சின்னக் கண்ணாடி வில்லையையும் ஒட்டினேன். பிடிக்குள் இப்போது நிறைய இடம் இருந்ததால், பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது. மலர் என் ஹாலில் உட்கார்ந்து விரலில் வைத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் மேல... போதும்” என்று சொல்லச் சொல்ல நகர்த்தினேன். விரலின்மீது வாள் அசையாமல் நின்றபோது, எனக்குள்ளும் ஏதோ ஒன்று நேராக நின்றது.

சோபாவை ஓரமாக நகர்த்திவிட்டு மலர் சுற்றினாள். சத்தமே வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. தடித்த வெறுங்குழாய் காற்றை அறுக்கிற சத்தம். வேகம் கூடக் கூட அது மேலே ஏறியது, வேகம் குறைந்தால் தானே இறங்கியது. எந்தச் சென்சாரும் அப்படி ஒட்டிக்கொண்டு வராது. நான் பிளாட்பாரத்தில் நின்று பிடித்ததைவிட அது நன்றாக இருந்தது. மலர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “இதை நாங்க கையாலயே பண்ணிடுவோம்க்கா. நீங்க வெளிச்சத்தை மட்டும் பாத்துக்கோங்க.”

விளக்கு அணைந்தபோது

ஆண்டுவிழா அன்றைக்கு நான் மேடையின் பக்கவாட்டில் நின்றேன். ஜெபராஜ் சொன்னது சத்தியம், மைக் செட்டில் வந்த பறைச் சத்தத்தில் என் இதயத் துடிப்பே எனக்குக் கேட்கவில்லை. விளக்குகள் அணைந்தன. ஒரு வாள் எரியாவிட்டாலும் மலரின் பீரியட் போனது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. ஒன்று, இரண்டு என்று எட்டும் எரிந்தன. சுற்றத் தொடங்கியதும் பெண்களைக் காணோம், இருட்டில் எட்டுப் பச்சை வட்டங்கள்தான். பின்வரிசைப் பெற்றோர்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள்.

பாதியில் ஒரு பெண்ணின் கையிலிருந்து வாள் நழுவியது. மேடைப் பலகையில் மோதி, உருண்டு, விளிம்புக்குப் போய் நின்றது. வாள் அணையவில்லை. அந்தப் பெண் அதன் வெளிச்சத்தைப் பார்த்தே ஓடிவந்து குனிந்து எடுத்து, அதே சுழற்சியில் வரிசைக்குத் திரும்பினாள். அது நிகழ்ச்சியிலேயே உள்ளது என்று நினைத்து ஜனம் கைதட்டித் தீர்த்தது. இருட்டில் நானும் கைதட்டினேன், அவளுக்கும், நான் பற்றவைத்த அந்த ஒயருக்கும்.

முடிந்ததும் தாளாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். லைட்டிங் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்றார். “லைட்டிங் இல்ல சார், வாளு. இவங்கதான் செஞ்சாங்க” என்று மலர் என்னை முன்னால் தள்ளினாள். அவர் ஒரு வாளைக் கையில் வாங்கி அணைத்தார், எரியவிட்டார், மறுபடி அணைத்தார். எட்டுப் பெண்களும் வியர்த்து வழிய நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மலரின் கை என் கையைப் பிடித்திருந்தது. அவர் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத் திரும்பினார். இரண்டடி வைத்தவர், நின்று மலரிடம் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அங்கேயே அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். “அடுத்த வருஷம் பதினாறு பேரா ஏத்துங்கம்மா. ரோபோட்டிக்ஸுக்கு வேற பீரியட் பாத்துக்கலாம்.”

அந்த எட்டு வாளுக்காக வாங்கிய எட்டு ஸ்பீக்கரில், மாதிரி வாளில் போட்ட ஒன்று போக, மற்ற ஏழும் உறைகூடப் பிரிக்காமல் என் அலமாரியில் முன்வரிசையில் நிற்கின்றன. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த கோப்பைகள் என்றால் அவைதான்.